செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்க பத்திரம் எழுதி வாங்கினால் போதுமா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 16 வீடுகள். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி தண்ணீரைத்தான் உறிஞ்சும், அடியில் இறுகிய சகதியை ஆள் இறங்கித்தான் அள்ளணும் என்கிறார் கான்ட்ராக்டர். "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று பத்திரத்தில் எழுதித் தருகிறாராம். சங்கச் செயலாளரான நான் சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். கையால் மலம் அள்ளும் தொழில் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டம், 2013, பிரிவு 7-ஐப் பாருங்கள். பாதாளச் சாக்கடையையோ செப்டிக் டேங்க்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் "நேரடியாகவோ மறைமுகமாகவோ" அமர்த்தக் கூடாது. அந்த "மறைமுகமாக" என்ற சொல்லில்தான் நீங்கள் மாட்டுகிறீர்கள். நடுவில் கான்ட்ராக்டர் இருப்பது உங்களைக் காக்காது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விட முடியாத குற்றம். உயிர் போனால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 106-ம் சேரும். குற்றப் பொறுப்பைப் பத்திரம் எழுதி இன்னொருவருக்கு மாற்ற முடியாது. சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23-ன்படி செல்லாது.

"மாஸ்க், கையுறை கொடுத்துவிடுகிறேன்" என்பார். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இந்தச் சட்டத்தின் 2013 விதிகள் கேட்பது வேறு: வாயு அளவிடும் கருவி, வெளியிலிருந்து குழாய் வழியே காற்று வரும் சுவாசக் கருவி, காற்றூதி, இடுப்புவாரும் கயிறும், ஆளைத் தூக்கும் முக்காலி எனப் பட்டியல் நீளும். தெருவில் கூப்பிடும் எந்தக் குழுவிடமும் இவை இருக்காது.

உள்ளே நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். சகதிமேல் ஏடு கட்டியிருக்கும். கம்பால் கிளறியதும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு கொப்பளிக்கும். காற்றைவிடக் கனம் என்பதால் அடியிலேயே தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு) அளவை நெருங்கினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்வது அந்த நேரத்தில்தான். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பார்கள். அதுவும் வேண்டாம், உள்ளே இருக்கும் மீத்தேன் வாயு வெடிக்கும்.

இறுகிய சகதிக்கு ஆள் தேவையில்லை. தண்ணீரை முழுவதும் உறிஞ்சவிடாமல் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். மேலிருந்தபடியே அழுத்தக் குழாயால் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கினால் சகதி கூழாகும், லாரியே இழுத்துவிடும். கடினமாக இருந்தால் இரண்டு மூன்று சுற்று ஆகும், அந்தக் கூடுதல் வாடகையைக் கொடுத்துவிடுங்கள். உள்ளாட்சி உரிமம் பெற்ற வண்டிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

வேலை உத்தரவில் "இயந்திரம் மட்டுமே, ஆள் இறங்கக் கூடாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூடி திறந்திருக்கும்வரை உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். மீறி யாராவது இறங்கி மயங்கினால் காப்பாற்றப் பின்னாலேயே குதிக்க விடாதீர்கள், இரண்டாவது சாவு பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. உடனே 112-க்கு அழைத்து, சுவாசக் கருவியோடு தீயணைப்புத் துறையினரை வரச் சொல்லுங்கள்.

சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஒரு லாரி வாடகையை மிச்சம் பிடிக்க நீங்கள் பணயம் வைப்பது ஒரு குடும்பத்தை.