முசார் ஹசீதியத்தின் கிளையா? தான்யாவோடு முரண்படுகிறதா?

கிளை இல்லை. முசார் என்பது குணத்தைத் திருத்துவதற்கான யூத ஒழுக்கப் பயிற்சி, ஹசீதியம் யூதர்களின் ஒரு பக்தி இயக்கம், தான்யா அந்த ஹசீதியத்தின் ஒரு பிரிவுக்கு அடிப்படை நூல். முசார் இயக்கத்தை 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய யிஸ்ராயேல் சலாந்தர், ஹசீதியத்தை எதிர்த்த லித்துவேனிய யூத மரபில் வந்தவர். "சராசரி மனிதனுக்குத் தீய உந்துதல் வேரோடு போகாது என்று தான்யா சொல்லும்போது முசார்காரர்கள் ஏன் குணத்தைத் திருத்தப் பாடுபடுகிறார்கள்" என்று கேட்டிருந்தீர்கள், அங்கேயும் நேரடி முரண் கிடையாது, ஏனென்றால் சலாந்தரும் முதல் படியாக உந்துதலை அடக்குவதைத்தான் வைக்கிறார், குணத்தையே மாற்றுவது அதற்கப்புறம் வருகிற நீண்ட வேலை.

குழப்பம் அநேகமாக இதனால் வந்திருக்கும்: இப்போதைய வகுப்புகளில் இரண்டையும் கலந்தே சொல்லித் தருகிறார்கள்.

ஒன்று செய்து பாருங்கள். தான்யாவின் 12ஆம் அத்தியாயத்தை எடுங்கள். ஒருவர்மேல் கோபமோ வெறுப்போ எழுந்தால் அதை மனதில் தங்கவிடாமல் தள்ளிவிட்டு, பைபிளில் யோசேப்பு தன்னை விற்றுவிட்ட அண்ணன்களிடம் நடந்துகொண்டதுபோல அவருக்கு நல்லதே செய் என்கிறது. முசார் ஆசிரியர் சொன்னது என்றாலும் நம்பிவிடுவீர்கள். பிரிவது வழிமுறையில்தான்: தான்யா கடவுளின் மகத்துவத்தைத் தியானித்து அறிவால் இதயத்தை ஆளச் சொல்கிறது, சலாந்தரோ ஒழுக்க நூலின் வரிகளை உணர்ச்சி பொங்க, ராகத்தோடு, திரும்பத் திரும்ப உரக்கப் படிக்கச் சொன்னார். (எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது, அது வேறு கதை.)

ஆனால் ஒன்று, முசார் நூல்கள் இயக்கத்தைவிட மிகப் பழையவை. 1740இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான லுசாத்தோ என்ற யூத அறிஞரின் 'மெசிலத் யெஷாரிம்' என்ற ஒழுக்க நூல் இரு தரப்பிலும் படிக்கப்படுகிறது. அதனால் யாராவது "முசார்" என்றால் நூல் மரபா, சலாந்தரின் இயக்கமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.