அடுத்த வீட்டுப் பத்திரம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் மும்பையில் பிறந்து வளர்ந்தவள். தாத்தாவும் ஆச்சியும் ஐம்பதுகளில் ஆலங்குளத்துக்கும் சுரண்டைக்கும் நடுவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து தாராவிக்கு வந்தவர்கள். இருவரும் இப்போது இல்லை. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அப்பாவுக்கு நாலு வயது. தார்சா என்கிற முன்கூடத்தில் ஒரு கல்தூண், பின்பக்கம் ஒரு கிணறு, அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம். அந்த வீட்டை ஒருமுறை அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. இணையத்தில் பட்டா தேடினேன், தாத்தா பெயரில் ஒன்றும் வரவில்லை. 'பட்டா இல்லையென்றால் சொந்த வீடே இருந்திருக்காது' என்கிறார் ஓர் உறவினர். ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் பாதி கிழிந்த பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் 'அட்சய வருஷம் தை மாதம்' என்றும் 1102 என்றும் இருக்கிறது. பெரியப்பா மகன் அதை வைத்து நம் வீடு 900 வருஷப் பழசு என்று குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டுவிட்டான். சுரண்டையில் ஒருவர், எல்லாக் காகிதத்தையும் எடுத்துத் தருகிறேன், பதினைந்தாயிரம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது? பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்த 900 வருஷத்தை முடித்துவிடுவோம். 1102 என்பது கொல்லம் ஆண்டு, மலையாளத்தார் வழங்கும் ஆண்டுக் கணக்கு. திருநெல்வேலிச் சீமையில் பழைய ஓலைகளிலும் பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் இது சர்வசாதாரணம். நம் பக்கம் ஆவணியில் பிறக்கும். தை மாதமென்றால் 825-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 1927 வரும். அட்சய வருஷமும் 1926–27தான், இரண்டும் ஒத்துப்போகிறது. வெறும் அட்சய மட்டும் இருந்திருந்தால் அறுபது வருஷச் சுற்றில் இதுவா அதற்கு முந்தியதா என்று முழித்துக்கொண்டிருப்பீர்கள். ஆக இது உங்கள் தாத்தா வாங்கிய சொத்தாக இருக்காது, அவருடைய அப்பா காலத்துச் சமாச்சாரம். பெரியப்பா மகனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம்.

அடுத்து பட்டா. உறவினர் சொன்னது சரியில்லை. தனித்தனி சர்வே எண், பட்டா, தீர்வை எல்லாம் நஞ்சை புஞ்சைக்குத்தான் இருந்தது. குடியிருப்பு இடம் ஊர் நத்தம் என்று மொத்தமாகக் கிடக்கும், அதற்குள் எது யார் வீடு என்று சர்க்கார் கணக்கில் கிடையாது. நத்தம் நிலவரித் திட்டம் என்று ஒன்று வந்து வீடு வீடாக அளந்து பட்டா கொடுத்தது பெரும்பாலான ஊர்களில் தொண்ணூறுகளை ஒட்டித்தான். அளக்க வந்தபோது யார் குடியிருந்தார்களோ அவர்கள் பெயர் ஏறியிருக்கும், அதற்கு நாற்பது வருஷம் முன்னாலேயே பம்பாய்க்கு ரயிலேறிய மனிதர் பெயர் எப்படி வரும்? இன்னொன்று, தேடும்போது எந்த மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது ஆலங்குளம், சுரண்டை எல்லாம் அங்கே போய்விட்டன. திருநெல்வேலி என்று கொடுத்துத் தேடினால் ஊரே வராது. (இதே போல சாத்தான்குளம், திருச்செந்தூர்க்காரர்கள் 1986-இலிருந்து தூத்துக்குடி மாவட்டத்தில். செங்கோட்டைக்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம், 1956 நவம்பர் வரை அது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது.)

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா பெயரைத் தேடுவதை நிறுத்துங்கள். தாத்தாவுக்கு அடுத்த வீட்டுக்காரர் பெயரைத் தேடுங்கள்.

நம்மூர்ப் பத்திரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். கடைசியில் சொத்து விவரம் வரும், அதில் நான்கெல்லை சொல்லியிருப்பார்கள். 'இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, தெருவுக்கு மேற்கு, இன்னார் காலிமனைக்கு வடக்கு, முடுக்குக்குத் தெற்கு, இதற்குள்பட்ட வீடும் மனையும், கிணற்றில் பாதி பாத்தியமும், மாமூல் வழிநடைப் பாத்தியமும்' என்று போகும் (முடுக்கு என்றால் சந்து, பாத்தியம் என்றால் உரிமை). நத்தத்துக்கு எண் இல்லாத காலத்தில் இந்த நாலு வரிதான் வீட்டுக்கு அடையாளம். உங்கள் தாத்தா வீட்டை விற்றாரோ ஒத்திக்குக் கொடுத்தாரோ தெரியாது, விற்றிருந்தால் அதோடு அந்த வீட்டுக் கணக்கில் அவர் பெயர் நின்றுபோகும். ஆனால் பக்கத்து வீட்டுப் பத்திரத்தில் நிற்காது. பத்திரம் எழுதுகிறவர் மூலப்பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லையை மட்டும் வரிக்கு வரி பார்த்து எழுதிவிடுவார். செத்து முப்பது வருஷமானவர்கூட எல்லையில் சௌக்கியமாக இருப்பார்.

எங்கள் ஆச்சியின் அப்பா வீடு களக்காட்டுப் பக்கம். அது அப்படித்தான் அகப்பட்டது. பக்கத்து வீட்டில் பாகப்பிரிவினை நடந்து, அந்தப் பத்திரத்தை அந்த வீட்டுப் பெரியவர் தார்சாவில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். நீளமெல்லாம் தச்சு முழத்தில். தச்சு முழம் 33 அங்குலம் என்பது எனக்குத் தெரியும், என்னோடு வந்த தம்பிக்குத் தெரியாது, சாதாரண முழம் என்று நினைத்து 'இவ்வளவு சின்ன வீடா' என்றான். தெற்கு எல்லை வந்தபோது பெரியவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போய்விட்டார், எங்கள் பூட்டன் பெயரை. அவருக்கு அது யாரோ ஒரு பெயர். பத்திரத்தின் தேதியைக் கேட்டேன், எழுபதுகள் என்றார். பூட்டன் போய்ச் சேர்ந்தது வெள்ளைக்காரன் காலத்தில். அந்தத் தெற்குச் சுவருக்கு அப்புறம் இப்போது ஒரு ரைஸ்மில் இருக்கிறது, அது வேறு கதை.

ஆகவே வில்லங்கச் சான்று, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் பெரும்பாலும் 1975 முதல் பார்க்கலாம், அதில் எல்லை விவரமும் வரும். சர்வே எண் வேண்டும் என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் தெரு இருக்கும் நத்தத்தின் எண்ணைக் கேளுங்கள், அந்த எண்ணில் வரும் எல்லாப் பதிவுகளின் எல்லைகளையும் ஓர் இரவு உட்கார்ந்து படித்தால் போதும். 1975-க்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப்போட்டுத் தேடச் சொல்ல வேண்டும். அலுவலகங்கள் பிரிந்துகொண்டே வந்திருப்பதால் பழைய புத்தகங்கள் தாய் அலுவலகத்தில் இருக்கக்கூடும், அதைக் கேட்டுக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் வீண். ஒரு எச்சரிக்கை: நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு விடுவார்கள். ஒரே சுடலைமுத்து மூன்று தலைமுறையில் வருவார், தெருவுக்கு நாலு பேச்சிமுத்து இருப்பார்கள். தகப்பன் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் ஆளை முடிவு செய்யாதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் பெயர் யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். ஆச்சி வழிச் சொந்தத்தில் யாராவது இருப்பார்கள், அவர்கள் வீட்டில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா பாருங்கள். இதை யாரும் ஆவணமாக மதிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, ஊர், தொகை என்று இத்தனை ஒழுங்காக எழுதி, திருப்பிச் செய்ய வேண்டுமே என்பதற்காகவே பத்திரமாக வைத்திருக்கும் காகிதம் வேறு எது இருக்கிறது? பெரியப்பா கல்யாணம் ஊரில் நடந்திருந்தால் தெருவே அந்த நோட்டில் இருக்கும்.

குலதெய்வக் கோயிலும் உதவும், கொஞ்சம் நிதானமாக. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போனால் பங்காளிகள் கண்ணில் படுவார்கள். ஆனால் சாஸ்தா கோயில் இருக்கும் இடம் பெரும்பாலும் குடும்பம் அதற்கும் முன்னால் இருந்த இடம், தாத்தா வீடு அதன் பக்கத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பாபநாசம் மலைமேல் இருக்கும் சொரிமுத்தையனார் உங்கள் சாஸ்தா என்றால் அந்தக் கூட்டத்தில் பங்காளியைக் கண்டுபிடிப்பதற்குள் உங்கள் அப்பா சோர்ந்துவிடுவார். அதைவிட, ஊரில் அம்மன் கோயில் கொடைவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிப்பார்களே, அந்த வரி நோட்டு நல்லது. வெளியூர் போனவர்களிடமும் வரி கேட்டு எழுதுவார்கள், உங்கள் தாத்தா தாராவியிலிருந்து மணியார்டர் அனுப்பியிருந்தால் அதில் இருக்கும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேலை பாதி, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தால் போதும்.

ஊருக்குப் போகும்போது ஒன்று. வந்ததும் வராததுமாக வீட்டு வாசலில் நின்று படம் எடுக்காதீர்கள். பம்பாயிலிருந்து ஒரு பெண் கையில் பழைய பத்திரத்தோடு வந்திருக்கிறது என்றால் ஊர் நினைப்பது ஒன்றுதான், சொத்துக்கு வந்திருக்காவ. குடியிருப்பவர்கள் பயந்து ஒரு காகிதத்தையும் கண்ணில் காட்ட மாட்டார்கள், அதில் தப்பும் இல்லை. முதலில் அப்பாவைக் கொண்டுபோய் டீக்கடையில் உட்கார வையுங்கள். யாரு வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்பார்கள். தாத்தாவின் பட்டப்பெயர் தெரிந்தால் அதைச் சொல்லச் சொல்லுங்கள், பத்திரத்தில் இருக்கிற பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) வீடு எது என்றும் விசாரியுங்கள். 1980-இல் அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள், ஆனாலும் அந்த வீடுகளில் யாராவது ஒருவருக்கு ஊர் விவகாரம் மனப்பாடமாக இருக்கும். வீடு இடிந்திருந்தாலும் கிணறு இருக்க வாய்ப்பு அதிகம். பாதி பாத்தியக் கிணற்றை ஒருவர் மட்டும் நினைத்துத் தூர்த்துவிட முடியாது.

பதினைந்தாயிரம் கொடுக்க வேண்டாம். அவர் எடுத்துத் தரப்போவதும் இதே வில்லங்கம்தான்.

அந்தக் கிழிந்த பத்திரம்: தேதி இருக்கிறது என்பதால் உங்களிடம் இருப்பது மேல்பாதி, எல்லை விவரம் கீழ்ப்பாதியோடு போயிருக்கும். ஆனால் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? முத்திரைத்தாள் விற்றவர் வாங்கியவர் பெயரையும் ஊரையும் தேதியையும் பின்னால் எழுதியிருப்பார். பதிந்த பத்திரமாக இருந்தால் எந்த அலுவலகத்தில் எத்தனை மணிக்குத் தாக்கலானது, என்ன நம்பர் என்பதும் அங்கேதான் இருக்கும். அந்த நம்பரும் வருஷமும் கிடைத்துவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் முழுப் பத்திரத்துக்கும் நகல் கேட்கலாம், நான்கெல்லையோடு. பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பதியாத சீட்டு. நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்தை அப்போது பதிந்தே ஆக வேண்டும் என்று இல்லை, 1927-இல் கிராமத்து வீடு அந்த விலைக்குள் கைமாறியிருக்கலாம். அப்படியானால் மொய் நோட்டு வழிதான். எதுவானாலும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய கையெழுத்து எனக்கு ஓரளவு வாசிக்க வரும்.

அன்புடன்,
அண்ணாச்சி