கான்க்ரம் ஓரிஸ் என்றால் கேன்சரா?

நைஜீரியாவின் கானோவில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் காவலாளியின் நாலு வயது மகளுக்குத் தட்டம்மை வந்து போன பிறகு ஈறு அழுகி, கன்னம் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கான்க்ரம் ஓரிஸ், நோமா' என்று எழுதியிருக்கிறார்கள். கேன்சரா? என் பையனுக்கு ஒட்டுமா? பணம் கொடுத்தால் உடனே ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று ஒருவர் வருகிறார்."

கேன்சர் இல்லை, ஒட்டாது. பையன் அந்தக் குழந்தையோடு தாராளமாக விளையாடலாம்.

குழப்பம் பேரில்தான். லத்தீனில் கேன்சர் என்றால் நண்டு, நம் கடக ராசியின் நண்டேதான். பரவி அரிக்கும் புண் எதுவானாலும் அந்தக் காலத்தில் நண்டு என்றார்கள், கான்க்ரம் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஓரிஸ் என்றால் 'வாயினுடைய'. நோமா கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, பொருள் மேய்ச்சல். ஆடு புகுந்த வயல் போல, ஈறில் தொடங்கும் அழுகல் சில நாளிலேயே கன்னத்தைத் துளைத்துப் பல்லும் தாடையும் வெளியே தெரியச் செய்துவிடும், அதனால் பேர் பொருத்தம்தான்.

1595-லேயே நெதர்லாந்து மருத்துவர் கரோலஸ் பாட்டஸ் இதை விவரித்துவிட்டார். உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2023 டிசம்பரில். இடையில் 400 வருஷத்துக்கு மேல்! ஏழைக் குழந்தையின் நோய்க்கு யார் அவசரப்படுவார்கள்?

இதை ஆப்பிரிக்க நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பாவிலும் இருந்தது, சாப்பாடு சீரானதும் மறைந்தது. மறைந்தது என்றேனா, திரும்பியும் வந்தது: இரண்டாம் உலகப் போரில் நாஜி முகாம்களில், ஆஷ்விட்ஸில் ரோமா (ஜிப்ஸி) இனக் குழந்தைகளிடம். கண்டம் மாறவில்லை, பட்டினி வந்தது, நோயும் வந்தது. பசி, தட்டம்மை, மலேரியா, அழுக்கு வாய், இவை சேர்ந்தால் எந்த ஊரிலும் வரும்.

சரி, அந்தப் புரோக்கர். அழுகல் நின்று, புண் ஆறி, குழந்தை உடம்பு தேறிய பிறகுதான், பொதுவாகப் பல மாதம் கழித்துத்தான், முகத்தைச் சீராக்கும் ஆபரேஷன் செய்வார்கள். உடனே என்பவர் பணத்துக்கு வந்தவர். நைஜீரியாவிலேயே சொகோட்டோ நகரில் நோமாவுக்கென்றே ஆஸ்பத்திரி இருக்கிறது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் அங்கே வேலை செய்கிறது, சிகிச்சை இலவசம். ஒரு நைரா கொடுக்காதீர்கள். மூலிகைப் பொடி, சாம்பல் என்று புண்ணில் எதையும் பூசவும் விடாதீர்கள்.

சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது குழந்தை வரை இறந்துவிடும். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கும் வாய் கழுவும் மருந்தும் நல்ல சாப்பாடும் போதும். இன்றைக்கே அந்தச் சீட்டைத் திருப்பிப் பாருங்கள்: அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கும் எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் வாங்கினார்களா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கன்னம் கறுக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.