மாமியார் ‘உங்க வம்சத்துலயே இருக்கு’ என்கிறார். 24,000 ரூபாய் ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 29. பெரம்பூரில் இருக்கிறோம். இரண்டு முறை உண்டாகி, எட்டாவது வாரத்திலும் ஒன்பதாவது வாரத்திலும் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது) செய்துவிட்டார்கள். என் அக்காவுக்கும் ஒருமுறை கலைந்ததால் ‘உங்க வம்சத்துலயே இருக்கு’ என்கிறார் மாமியார். லேபிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து எச்சில் எடுத்து, எனக்கு மட்டும் ஜீன் டெஸ்ட் செய்து தருகிறேன், 24,000 ரூபாய் என்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

முதலில் மாமியார் விஷயம். முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, ஜீன்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் கணக்கு தப்பிப்போவதால் கலைகிறது. 46 இருக்க வேண்டிய இடத்தில் 47 இருக்கும், அல்லது 45. பெரும்பாலும் முட்டை முதிரும்போது பங்கு பிரிப்பதில் நேரும் பிசகு இது, பரம்பரையாக வருவதல்ல. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே உங்கள் முட்டைகள் உருவாகிவிட்டன. வருடம் போகப் போகப் பிசகும் கூடும். அதனால்தான் 25 முதல் 29 வயதில் பத்தில் ஒன்று கலைகிறது, 45ஐத் தாண்டினால் பாதிக்கு மேல். அக்காவுக்கு ஒருமுறை கலைந்ததை வம்சக் கணக்கில் எழுதினால் சென்னையில் ஒரு வம்சமும் தப்பாது.

அடுத்து அந்த எச்சில் டெஸ்ட். அதில் என்ன வரக்கூடும் என்று இப்போதே சொல்கிறேன். ஃபோலேட் சத்தை உடல் பயன்படுத்த உதவும் ‘எம்டிஎச்எஃப்ஆர்’ என்ற ஜீனில் மாற்றம் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் வரும். உலகத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு இருக்கும் மாற்றம் அது. அவர்கள் பிள்ளை பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கரு கலைவதற்காக இதைப் பரிசோதிக்காதீர்கள் என்று அமெரிக்க மரபியல் மருத்துவர்கள் அமைப்பு 2013லேயே சொல்லிவிட்டது. ரத்தம் எளிதில் உறையச் செய்யும் ‘ஃபேக்டர் ஃபைவ் லைடன்’ என்ற மாற்றத்துக்கு இன்னொரு வரி இருக்கும். அது ஐரோப்பியரிடம் பரவலாகக் காணப்படுவது, நம்மவரிடம் அபூர்வம். பட்டியலை அங்கிருந்து அப்படியே எடுத்து, விலைச்சீட்டை மட்டும் இங்கே ஒட்டியிருக்கிறார்கள். ரிப்போர்ட் வந்த மறுநாள் அதே ஆள் விலை கூடிய ஃபோலேட் மாத்திரையோடு போன் செய்வார். கமிஷன் இரண்டிலும் உண்டு. வயிற்றுப் பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது, சரி. எச்சில் குப்பியோடு வீடு வீடாக வந்து பயத்தை விற்பவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

பரம்பரை என்று நான் உண்மையிலேயே தேடுவது ஒன்றே ஒன்று: இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருப்பது. அந்த 24,000 ரூபாய் டெஸ்ட்டின் கண்ணில் அது படாது. எழுத்துப் பிழையைத் தேடும் டெஸ்ட் அது. பக்கங்கள் இடம் மாறியிருப்பது அதற்குத் தெரியாது. குரோமோசோமை ஒரு நோட்டு என்று நினையுங்கள். உங்கள் வீட்டில் சாம்பார் குறிப்பு நோட்டு இரண்டு பிரதி, பாயசக் குறிப்பு நோட்டு இரண்டு பிரதி என்று வையுங்கள். ஒரு சாம்பார் நோட்டின் கடைசிப் பக்கங்கள் ஒரு பாயச நோட்டுக்குள்ளும், அதன் பக்கங்கள் இதற்குள்ளும் மாறிவிட்டன. எல்லாப் பக்கமும் வீட்டில்தான் இருக்கிறது, சமையல் குறையில்லாமல் நடக்கிறது. பிள்ளைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி கொடுத்தனுப்பும்போதுதான் சிக்கல். மாறிய பாயச நோட்டு மட்டும் போனால் பாயசத்தில் சில பக்கம் இருக்காது, சாம்பாரில் சில பக்கம் இரட்டிப்பாக இருக்கும். அந்தக் கரு நிற்பது கஷ்டம். மாறிய இரண்டும் சேர்ந்தே போனாலோ, இரண்டுமே போகாவிட்டாலோ கரு நன்றாக வளரும். பொதுவாக 500 பேரில் ஒருவருக்கு இது இருக்கும்; திரும்பத் திரும்பக் கலையும் தம்பதிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து ஜோடிகளில் ஒருவருக்கு இருக்கும்.

‘ஒருவருக்கு’ என்றேன், மனைவிக்கு என்று சொல்லவில்லை. பக்கம் மாறியது உங்கள் கணவரிடமாகவும் இருக்கலாம். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள். செய்ய வேண்டியது கேரியோடைப்பிங், அதாவது குரோமோசோம்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கும் பரிசோதனை, அதுவும் இருவருக்கும். கையில் ரத்தம் எடுப்பார்கள், வெறும் வயிறு தேவையில்லை. செல்லை வளர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதால் ரிப்போர்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். இருவருக்கும் சேர்த்தே அவர் கேட்கும் தொகையில் பாதி ஆகாது. இருப்பது தெரிந்தாலும் உடனே ஐவிஎஃப் என்று ஓட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இயல்பாகவே நல்ல பிள்ளை பிறக்கிறது.

என் ஆற்றாமை ஒன்று உண்டு. இரண்டு டி அண்ட் சியிலும் எடுத்த திசுவைச் சோதித்திருந்தால் பாதி விடை அன்றே கிடைத்திருக்கும். வழக்கமாக அதை ஃபார்மலினில் போட்டுவிடுகிறார்கள். அதன் பிறகு குரோமோசோம் பார்க்க செல் வளராது. சலைனில் போட்டுக் கொடுங்கள் என்று நோயாளியே கேட்க வேண்டியிருக்கிறது. ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் என்று ஓடும் ஓபியில் இதை யார் சொல்லித் தருவார்கள்? மறுபடி அப்படி ஒரு நிலை வரக் கூடாது, வந்தால் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும் முன்பே கேளுங்கள்.

ரத்தம் கொடுக்கும் அன்றே தைராய்டு, சர்க்கரை, ஆன்டிபாஸ்போலிப்பிட் மூன்றும் பார்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்னது ரத்தத்தை உறையவைக்கும் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்ப்பது; அது பரம்பரை அல்ல, மருந்தும் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு உரிய இடம் இதுதான், எம்டிஎச்எஃப்ஆர் அல்ல. பாசிட்டிவ் என்று வந்தால் 12 வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்த பிறகே முடிவு செய்வார்கள். அதுவரை சாதாரண ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் விடாமல் போடுங்கள்.