ஸ்கூபா சாமான்களோடு அந்தமான் விமானம்: எது கையில், எது செக்-இன்னில்?

வேளச்சேரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜனவரியில் டைவிங்குக்காக ஹேவ்லாக் போகிறேன். பிசிடி (மிதப்பைக் கட்டுப்படுத்தும், காற்றடைக்கிற ஜாக்கெட்), ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்வழி மூச்சாக எடுக்கும் கருவி), ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), டார்ச் எல்லாம் சொந்தமாக வாங்கியாயிற்று. டிக்கெட்டில் செக்-இன் 15 கிலோ, கேபின் 7 கிலோ என்று இருக்கிறது. ரெகுலேட்டரைக் கையில் கொண்டுபோக விடுவார்களா? சிலிண்டரும் எடுத்துப் போகலாமா? திரும்புகிற நாள் காலையில் ஒரு டைவ் போட்டுவிட்டு மதியம் 2 மணி விமானம் பிடிப்பதாகத் திட்டம்."

சிலிண்டரை விட்டுவிடுங்கள். காற்று நிரப்பிய சிலிண்டர் விமானத்தில் ஏறவே ஏறாது. காலி சிலிண்டர் என்றாலும் வால்வைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்க்கிற மாதிரி வைத்து, ஏர்லைனிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் வழக்கமான அலுமினியம் சிலிண்டர் ஒன்று காலியாகவே சுமார் 14 கிலோ இருக்கும், உங்கள் 15 கிலோ அதோடு முடிந்தது. தண்ணீருக்குள் இறங்க இடுப்பில் கட்டுகிற ஈய வெயிட்டும் அப்படித்தான். இரண்டையும் அங்கே டைவ் சென்டரிலேயே தருவார்கள்.

ரெகுலேட்டரைத் தாராளமாகக் கையில் கொண்டுபோகலாம், அதுதான் நல்லதும்கூட. செக்-இன் பை ஒரு நாள் தாமதமாக வந்தால் ஃபின்ஸை வாடகைக்கு எடுத்துச் சமாளித்துவிடலாம், ஆனால் உங்கள் வாய்க்குப் பழகிய ரெகுலேட்டரும் பவர் வைத்த மாஸ்க்கும் அந்த ஊரில் எங்கே கிடைக்கும்? ரெகுலேட்டர், மாஸ்க், டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் காட்டும் கருவி) மூன்றும் கேபின் பையில் இருக்கட்டும். ஸ்கேனரில் ஒரு பித்தளைக் கட்டியும் நாலைந்து குழாயும்தான் தெரியும் என்பதால் சிஐஎஸ்எஃப்காரர்கள் பையைத் திறக்கச் சொல்வது சகஜம். ரெகுலேட்டரை மேலாக வைத்து, "டைவிங்குக்கு, மூச்சு விடுகிற கருவி சார்" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. டைவ் கத்தி, லைன் கட்டர், ஸ்பேனர், ஆலன் கீ இதெல்லாம் மட்டும் செக்-இன்னில்தான். டூல் கிட்டை ரெகுலேட்டர் பையிலேயே போட்டுவைக்கிற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் பக்கவாட்டு ஜிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டார்ச் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். ஸ்பேர் லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன்னில் போகக்கூடாது. டைவ் டார்ச்சைத் தண்ணீருக்கு வெளியே எரியவிட்டால் நன்றாகச் சூடாகும், பைக்குள் தானாக ஆன் ஆனால் ஆபத்து. அதனால் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, தனி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கேபினில் வையுங்கள். கணக்கு சுலபம்: வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வாட்-ஹவர். 3.6 வோல்ட், 5000 எம்ஏஎச் செல் என்றால் 18தான் வரும், 100 வரை பிரச்சினை இல்லை. வீடியோ லைட் பேக் வைத்திருப்பவர்கள்தான் மாட்டுவார்கள். 14.4 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேக் 100.8 ஆகிவிடும், அதற்கு ஏர்லைன் அனுமதி வேண்டும். 160-ஐத் தாண்டினால் பயணிகள் பையில் இடமே இல்லை. பவர் அதிகமான டார்ச் என்றால் ஏர்லைனுக்கு முன்பே ஒரு மெயில் போட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எடை. பிசிடி 3, ஃபின்ஸ் 2, வெட்சூட் 2, பூட்ஸ் 1 என்று தோராயமாகப் போட்டால் 8 கிலோ. இதைக் கொண்டுபோய் நாலு கிலோ எடையுள்ள கெட்டி சூட்கேஸில் வைத்தால் துணிமணிக்கு மூன்றே கிலோ மிஞ்சும். லேசான டஃபிள் பை வாங்குங்கள். ஃபின்ஸை இரண்டு பக்கமும் நிற்க வைத்து, நடுவே பிசிடியை வெட்சூட்டால் சுற்றி வைத்தால் தனியாக மெத்தை எதுவும் தேவைப்படாது. எடை கூடும் என்று தெரிந்தால் ஆன்லைனிலேயே எக்ஸ்ட்ரா வாங்கிவிடுங்கள், மீனம்பாக்கம் கவுண்டரில் நின்று கட்டினால் கூடுதலாகத்தான் ஆகும்.

திரும்பி வரும்போது அதே சாமான் எடை கூடிவிடும். ஈர வெட்சூட் ஒரு காரணம். இன்னொன்று யாரும் நினைக்காதது, பிசிடியின் காற்றுப் பைக்குள் தங்குகிற தண்ணீர். ஒரு லிட்டர் நின்றாலே ஒரு கிலோ. தலைகீழாகப் பிடித்து டம்ப் வால்வை (காற்றை வெளியேற்றும் வால்வு) இழுத்து முழுக்க வடியவிடுங்கள், பிறகு கொஞ்சம் காற்றடைத்துக் காய வையுங்கள்.

காய வைக்க நேரம் ஏது என்கிறீர்களா? நேரம் இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் உங்கள் கடைசி நாள் திட்டம் தப்பு. விமான கேபினுக்குள் இருக்கும் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். டைவின்போது உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் அங்கே போனால் குமிழியாகி மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை கொண்டுபோய் விடலாம். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்வது: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18. டீகம்ப்ரஷன் ஸ்டாப் (மேலே வரும் வழியில் நின்று நைட்ரஜனை வெளியேற விடுவது) தேவைப்பட்ட டைவ் என்றால் அதைவிட நன்றாகவே அதிகம். நீங்கள் இரண்டாவது வகை. மதியம் 2 மணி விமானத்துக்கு முந்தைய நாள் மதியத்தோடு டைவை முடித்துக்கொண்டால் கணக்கு சரியாக இருக்கும், சாமானும் காய்ந்திருக்கும்.

கரையில் கிடக்கிற பவளத் துண்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட வேண்டாம். செத்த பவளமானாலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் குற்றம், போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள்.