எழுதிக்கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிய அரசன்

மதிப்பிற்குரிய ஐயா,

1381-ல் இங்கிலாந்தில் நடந்த உழவர் கலகம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தலைவனை வெட்டிச் சாய்த்ததும் கூட்டம் வில்லை வளைக்கிறது. அரசனாக இருந்த 14 வயதுப் பையன் தனியாகக் குதிரையை அவர்களை நோக்கி விடுகிறான், "நான்தான் உங்கள் தலைவன், என்னோடு வாருங்கள்" என்கிறான். படிக்கும்போதே சிலிர்த்தது. அந்த இரண்டாம் ரிச்சர்ட்தான் 32 வயதில் முடியை இழந்து, சிறையில் செத்துப்போனார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவ்வளவு துணிச்சல்காரர் எப்படி இப்படி ஆனார்? அதிகாரம் கெடுத்துவிட்டதா? பட்டினி போட்டுக் கொன்றார்கள் என்கிறார்கள். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஆள் வைத்து அடித்துக் கொல்கிறார்கள். எது சரி?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

அதிகாரம் கெடுத்துவிட்டது என்று சொன்னால் நல்ல ரிச்சர்ட் ஒருவர், கெட்ட ரிச்சர்ட் ஒருவர் என்று ஆகிவிடும். எனக்கு ஒரே ஆள்தான் தெரிகிறார். நீங்கள் குதிரைக் காட்சியோடு நின்றுவிட்டீர்கள். அதற்கு முந்தின நாளையும் அடுத்த சில வாரங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

முந்தின நாள், ஜூன் 14. லண்டனுக்கு வெளியே மைல் எண்டில் ரிச்சர்ட் கலகக்காரர்களைச் சந்தித்து, இனி நீங்கள் பண்ணையடிமைகள் இல்லை என்று வாக்குக் கொடுத்தார். எழுத்தர்கள் உட்கார்ந்து ஊர் ஊராகச் சாசனம் எழுதிக் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு பலர் வீடு திரும்பினார்கள். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் கலகத் தலைவன் வாட் டைலரை லண்டன் மேயர் வால்வொர்த்தும் கூட இருந்தவர்களும் வெட்டினார்கள். அப்புறம்தான் நீங்கள் சொல்லும் குதிரை. துணிச்சல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் ஜூலை 2-ஆம் தேதி அத்தனை சாசனமும் ரத்து. எங்களுக்கு எழுதிக் கொடுத்தீர்களே என்று எஸ்ஸெக்ஸ் பகுதி உழவர்கள் போய்க் கேட்டபோது, "அடிமைகளாக இருந்தீர்கள், அடிமைகளாகவே இருப்பீர்கள்" என்று பதில் வந்ததாக ஒரு துறவி எழுதிவைத்திருக்கிறார். கலகக்காரர்களைக் கண்டாலே அந்தத் துறவிக்கு ஆகாது. அதனால் வார்த்தைக்கு வார்த்தை நம்ப வேண்டியதில்லை. ரத்து செய்தது மட்டும் நிஜம். பெரியவர்கள் சொல்லிக்கொடுத்துத்தான் செய்திருப்பார். ஆனாலும், அரசன் சொன்னால் ஆயிரம் பேர் அடங்குவார்கள், சொன்னதைக் காப்பாற்றாவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற பாடம் 14 வயதில் கிடைத்துவிட்டது.

இவர் அரியணைக்கு வந்த கதையும் முக்கியம். அப்பா, 'கறுப்பு இளவரசர்' எட்வர்ட், 1376-ல் இறந்தார். தாத்தா மூன்றாம் எட்வர்ட் 50 வருஷம் ஆண்டுவிட்டு 1377-ல் போய்ச் சேர்ந்தார். அப்போது பையனுக்கு 10 வயது. சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட், நாட்டிலேயே பெரிய பணக்காரர், நடுவயது, போர்க்களம் பார்த்தவர். அவர் பறித்துக்கொள்வார் என்று ஊரெல்லாம் பேச்சு. அவர் பறிக்கவில்லை. மூத்தவரின் சொத்து மூத்தவரின் பிள்ளைக்கு என்ற முறைக்கு எல்லாரும் கட்டுப்பட்டார்கள். பட்டாபிஷேகம் நீண்டுகொண்டே போய் பையன் துவண்டுவிட்டான். ஆசான் சைமன் பர்லி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். வழியில் புனிதக் காலணி ஒன்று கழன்று விழுந்து தொலைந்தே போயிற்று.

அந்த பர்லியைத்தான் 1388-ல் நாடாளுமன்றம் தலைவெட்டிக் கொன்றது. அரசனைச் சுற்றியிருந்தவர்களை ஒழிக்க ஐந்து பிரபுக்கள் கூடினார்கள். இன்னொரு சித்தப்பா கிளாஸ்டர், அருண்டெல், வாரிக், மௌப்ரே, கான்ட்டின் மகன் போலிங்புரோக். ரிச்சர்டின் மனைவி ராணி ஆன் மண்டியிட்டுக் கெஞ்சியும் பர்லி தப்பவில்லை. ரிச்சர்ட் ஒன்பது வருஷம் காத்திருந்தார். 1394-ல் ஆன் இறந்தபோது, இறுதிச் சடங்குக்குத் தாமதமாக வந்த அருண்டெல்லை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குள்ளேயே இரத்தம் வர அடித்தார். ஆன் இறந்த அரண்மனையை இடிக்கவும் உத்தரவிட்டார். 1397-ல் கணக்குத் தீர்த்தார்: அருண்டெல்லுக்குத் தலை போயிற்று, கிளாஸ்டர் கலேயில் காவலில் இருந்தபோதே செத்தார், வாரிக் நாடுகடத்தப்பட்டார்.

இத்தோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார் என்பது என் எண்ணம். பழிவாங்கும் அரசர்களை அந்தக் காலத்துப் பிரபுக்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் பயமுறுத்தியது வேறு.

போலிங்புரோக்கும் ரிச்சர்டும் 1367-ல் பிறந்த பங்காளிகள். 1398-ல் போலிங்புரோக்கும் மௌப்ரேயும் ஒருவர் மேல் ஒருவர் துரோகக் குற்றம் சாட்ட, கோவென்ட்ரியில் இருவரும் குதிரைமேல் நேருக்கு நேர் மோதி வழக்கைத் தீர்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. குதிரைகள் பாயப் போகும் நேரத்தில் அரசன் நிறுத்திவிட்டார். மௌப்ரேக்கு ஆயுள் முழுக்க, போலிங்புரோக்குக்கு 10 வருஷம் நாடுகடத்தல். வெளியே இருக்கும்போது அப்பா இறந்தால், உன் ஆட்கள் உன் சார்பில் சொத்தைப் பெற்றுக்கொள்ளலாம் என்று எழுதியும் கொடுத்தார். 1399 பிப்ரவரியில் கான்ட் இறந்தார். மார்ச் 18-ல் அந்தக் கடிதம் ரத்து, சொத்து அரசன் கையில்.

மறுபடியும் அதே வேலை. 1381-ல் ஏமாந்தவர்கள் உழவர்கள், அவர்களுக்காகப் பேச நாதியில்லை. இப்போது ஏமாந்தவன் நாட்டின் மிகப் பெரிய வாரிசு. கான்ட் மகனுக்கே இந்தக் கதி என்றால் நம் பிள்ளைகளுக்கு நிலம் நிலைக்குமா என்று ஒவ்வொரு பிரபுவும் யோசித்திருப்பார். எந்த முறை 10 வயதில் தன்னை அரியணையில் உட்காரவைத்ததோ, அந்த முறையிலேயே கைவைத்தார் ரிச்சர்ட். அப்புறம் நிம்மதியாகப் படையோடு அயர்லாந்துக்குக் கிளம்பினார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ஜூலையில் போலிங்புரோக் யார்க்ஷயர் கரையில் ராவன்ஸ்பரில் இறங்கினார். அப்பன் சொத்தைக் கேட்க வந்தேன் என்றார், ஆட்கள் சேர்ந்துகொண்டே வந்தார்கள். ரிச்சர்ட் வேல்ஸ் திரும்பியபோது படை கரைந்துவிட்டது. கான்வி கோட்டைக்கு வந்த நார்தம்பர்லாந்து பிரபு, உங்கள் முடிக்கு ஆபத்தில்லை என்று சத்தியம் செய்து வெளியே அழைத்துவந்து, வழியிலேயே மடக்கினார். செப்டம்பர் முடிவில் முடி போயிற்று. போலிங்புரோக் நான்காம் ஹென்றி ஆனார்.

சரி, சாவு. 1400 ஜனவரியில் ரிச்சர்டை மீட்க ஒரு சதி நடந்து தோற்றது. பிப்ரவரியில் பான்டிஃப்ராக்ட் கோட்டையில் அவர் இறந்தார். 1871-ல் கல்லறையைத் திறந்து பார்த்தபோது மண்டையோட்டில் அடிபட்ட தடம் எதுவும் இல்லை, ஆகவே நாடகத்தில் வருவதை நம்ப முடியாது. பட்டினி என்பதே பொருந்துகிறது. பட்டினி போட்டார்களா, அவரே சாப்பிட மறுத்தாரா என்பதில் அந்தக் காலத்திலேயே இரண்டு பேச்சு இருந்தது. செத்தது உண்மைதான் என்று ஊர் பார்க்கட்டும் என்று முகத்தை மூடாமல் உடலை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். பலனில்லை. ரிச்சர்ட் ஸ்காட்லாந்தில் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லி ஒருவரை வைத்து அரசியல் நடத்தினார்கள். 1413-ல் ஹென்றியின் மகன் உடலை வெஸ்ட்மின்ஸ்டருக்கு மாற்றி ஆன் பக்கத்தில் புதைத்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.