தங்கச்சியும் மச்சானும் பிரிஞ்சிட்டினம், கடை போடக் குடுத்த 12 லட்சத்தை அவர் சீதனம் எண்டு சொல்லுறார், திருப்பிக் கேக்கலாமா?

கட்டாயம் கேக்கலாம் அண்ணா. ஆனா நீங்கள் எழுதினதில என்னைப் பயப்படுத்தினது காசில்லை, "காசு வந்தாத்தான் தங்கச்சி டிவோர்சுக்குக் கையெழுத்து வைப்பா" எண்டு மச்சான் வீட்டுக்குச் சொல்லி விட்டிருக்கிறியள் பாருங்கோ, அதுதான். தயவுசெய்து அந்தக் கதையை இண்டையோட விடுங்கோ.

எங்கட வீட்டிலயும் இதே கரைச்சல் வந்தது. அக்காவின்ட மனுசனுக்கு சுன்னாகத்தில கடை போட பெரியண்ணா வெளிநாட்டில இருந்து காசு அனுப்பினவர், பிறகு அவை பிரிய ரெண்டு பக்கப் பெரியாக்களும் கூடியிருந்து கதைச்சு, அத்தான் பிள்ளையளின்ட செலவுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை, அண்ணாவும் கடனைக் கேக்கத் தேவையில்லை எண்டு முடிச்சு விட்டினம். கடன் அண்ணாவின்டது, காய்ஞ்சது பிள்ளையள். இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. கடைசியில அக்கா நீதவான் கோட்ஸில தாபரிப்பு வழக்குப் போட்டுத்தான் மாதக்காசு வரத் தொடங்கினது. 1999ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில பிள்ளைக்குரிய காசு பிள்ளைக்குரியதுதான், மாமன் குடுத்த கடனில கழிக்கிற கணக்கில்லை அது.

சீதனம் எண்டுறாரே, தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழமைச் சட்டப்படி, சீதனம் மகளுக்குக் குடுக்கிறது, அவவின்ட ஆதனம். அப்பிடிப் பாத்தாலும் அந்தக் காசு அவரின்டதாகாது, தங்கச்சி கேப்பா. அதோட கலியாணம் முடிஞ்சு ஆறு வருசத்துக்குப் பிறகு, கடைக்கு எண்டு அவரின்ட எக்கவுண்டுக்கே போட்ட காசை ஆர் சீதனம் எண்டு நம்புவினம்? பாங்க் சிலிப், வைபரில அவர் "தை மாசம் தாறன் மச்சான்" எண்டு சொன்ன வொய்ஸ் எல்லாத்தையும் அழியாமல் வையுங்கோ, போனையும் மாத்தாதேங்கோ. எங்களுக்குக் கை குடுத்தது ஒரு பழைய சீஆர் கொப்பி. கடைக் கணக்குக்கு நடுவில அத்தான் தன்ர கையாலயே "மச்சானுக்குக் குடுக்க வேண்டியது" எண்டு திகதி போட்டு எழுதி வைச்சிருந்தவர், அதைக் காட்டின பிறகு சீதனக் கதை வாயில வரேல்லை.

ஆனா நீங்கள் காசு குடுத்து ரெண்டரை வருசம் ஆகுது எண்டுறியள், எழுத்தும் இல்லை. எழுதாமல் குடுத்த கடனுக்கு வழக்குப் போட 3 வருசம்தான், எழுத்திருந்தால் 6. ஊர்ப் பெரியாக்கள் கதைச்சு முடிப்பினம் எண்டு இனி இருந்தியள் எண்டால் காசு போயிடும்.

இன்னொண்டு, உங்கட கடனை அடைக்க தங்கச்சியின்ட சீதன வீட்டை விப்பம் எண்டு அம்மா சொல்லுறா எண்டு எழுதியிருந்தியள். வேண்டாம் அண்ணா. தேசவழமைக்குக் கீழ வாறவைக்கான 1911ஆம் ஆண்டுக் கலியாண ஆதனச் சட்டப்படி கலியாணம் கட்டின பொம்பிளை தன்ர காணி வீட்டை விக்கவோ ஈடு வைக்கவோ புருசன் எழுத்தில சம்மதிக்க வேணும், அவர் விட்டிட்டுப் போனால் அந்தச் சம்மதத்தை மாவட்ட நீதிமன்றத்தில கேட்டு எடுக்கலாம், ஆனா அதுக்குள்ள இறங்கினால் தங்கச்சியின்ட வீடும் இந்தக் கடனுக்குள்ள மாட்டிடும். இருக்கிற ஒரு கூரையை ஏன் இதுக்குள்ள இழுக்கிறியள்.

உங்கட பேரில மட்டும் ஒரு லோயரைப் பிடிச்சு இந்தக் கிழமையே கடிதம் அனுப்புங்கோ, மச்சான் பதிலாக் கையெழுத்தோட ஒரு வரி எழுதினாலும் உங்களுக்கு நல்லது. தங்கச்சியின்ட வழக்குக்கு வேற லோயர் பிடியுங்கோ, வசதியில்லை எண்டால் யாழ்ப்பாணத்தில சட்ட உதவி ஆணைக்குழுவில போய்க் கதைக்கச் சொல்லுங்கோ.